தொலைகாட்டியின் பைண்டரை நேர்ப்படுத்தல்: பகலில் கோபுரக் கலசம், இரவில் சிவப்பு விளக்கு

எனக்குத் தெரிந்த யாழ்ப்பாணத்து வீடுகள் சிலவற்றில், விடுமுறைக்கு வந்த மாமாவோ சித்தப்பாவோ பிள்ளைகளுக்கென்று கொண்டுவந்து கொடுத்த தொலைகாட்டி ஒன்று அலுமாரிக்கு மேலே தூசி படிந்து கிடக்கிறது. ஏன் பாவிப்பதில்லை என்று கேட்டால், சந்திரனைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை என்பார்கள். எடுத்துப் பார்த்தால் ஆடியிலும் வில்லையிலும் பெரும்பாலும் ஒரு குறையும் இருப்பதில்லை. பெரிய குழலின் முதுகில் பூட்டப்பட்டிருக்கும் சிறிய குறிநோக்கி, அதாவது பைண்டர், பெரிய குழல் பார்க்கும் இடத்தைப் பார்ப்பதில்லை என்பது ஒன்றுதான் குறை. அரை மணி நேரப் பொறுமை இருந்தால் அதை எவரும் திருத்திக்கொள்ளலாம்.

இதை நான் கற்றுக்கொண்டது வெட்கப்பட்ட ஓர் இரவில். 2023 செப்டெம்பரில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலைய முற்றத்தில் பிள்ளைகளுக்குச் சனிக்கோளைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். அன்று பின்னேரமே பைண்டரைக் கவனமாகச் சரிசெய்து வைத்தேன். வளவின் மூலையில் ஏறத்தாழ 40 மீற்றர் தூரத்தில் நின்ற பனையின் கழுத்தைக் குறியாகக் கொண்டேன். இரவு பைண்டரின் குறுக்குக் கம்பியில் சனி அச்சொட்டாக நின்றது. பெரிய குழலிலோ வெறும் கறுப்பு வானம். வரிசையில் நின்ற சின்னப் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தாய்மாரின் மடிக்குப் போய்விட, இருபது நிமிடம் குழலை அங்குமிங்கும் அசைத்துத்தான் கோளைப் பிடித்தேன். பிழை எங்கே என்பதை மறுநாள் ஒரு தாளில் கணக்குப் போட்டபோதுதான் கண்டேன்.

என்னுடையது 150 மில்லிமீற்றர் ஆடியும் 1200 மில்லிமீற்றர் குவியத்தூரமும் கொண்ட டொப்சோனியன், அதாவது தரையில் வைக்கும் எளிய தாங்கியில் கையால் திருப்பும் ஆடித் தொலைகாட்டி. பைண்டரின் நடுக்கோடு பெரிய குழலின் நடுக்கோட்டிலிருந்து 17 சென்ரிமீற்றர் தள்ளி இருக்கிறது. 40 மீற்றரில் உள்ள ஒரு புள்ளியை இரண்டும் பார்க்கும்படி திருகினால், இரண்டு கோடுகளும் அந்தப் பனையில் சந்தித்து, அதற்கப்பால் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு விலகிப் போகும். அந்த விலகல் ஏறத்தாழ 14½ கலை (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை), அதாவது சந்திரனின் அகலத்தில் பாதி. கண் வைக்கும் இடத்தில் மாற்றி மாற்றிப் போடும் வில்லைக்கூடுதான் பார்வைத்துண்டு. 10 மில்லிமீற்றர் பார்வைத்துண்டில் எனக்குக் கிடைத்த உருப்பெருக்கம் 120. அதில் தெரியும் வான்பரப்பின் முழு அகலம் 26 கலை, நடுவிலிருந்து விளிம்புக்கு 13 கலை. சனி விளிம்புக்கு ஒன்றரைக் கலை வெளியே நின்றிருக்கிறது. 25 மில்லிமீற்றர் பார்வைத்துண்டை முதலில் போட்டிருந்தால், 65 கலை அகலமான பரப்புக்குள் அது ஒரு பக்கமாகவேனும் தெரிந்திருக்கும்.

துப்பாக்கியின் குறிநோக்கியைச் சரிசெய்வோர் 50 மீற்றரோ 100 மீற்றரோ என ஒரு தூரத்தைத் தெரிந்தெடுத்து, அந்தத் தூரத்தில் குண்டு போய்ச் சேரும் இடமும் நோக்கியின் கோடும் சந்திக்கும்படி வைப்பார்கள். அவர்களுடைய இலக்கு அந்தத் தூரத்தில்தான் இருக்கும். அது அவர்களுக்குச் சரி. எங்களுடைய இலக்குகளோ எல்லையற்ற தூரத்தில் இருப்பவை. ஆகவே எங்களுடைய இரண்டு கோடுகளும் எங்குமே சந்திக்கக் கூடாது. தண்டவாளம் போல இணையாக ஓட வேண்டும். குறி எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்கு அவை இணைக்கு அண்மிக்கும். 17 சென்ரிமீற்றர் விலகலுக்கு, 500 மீற்றர்க் குறியில் வழு ஒரு கலைக்குச் சற்று மேல். ஒரு கிலோமீற்றர்க் குறியில் அரைக் கலைக்குச் சற்று மேல், அதாவது வியாழன் நன்றாகத் தெரியும் மாதங்களில் அதன் வட்டத்தின் அகலத்தை விடக் குறைவு. ஆகவே ஒரு கிலோமீற்றர் கிடைத்தால் நல்லது, 500 மீற்றருக்குக் குறைய வேண்டாம். தூரத்தைக் கைத்தொலைபேசி வரைபடத்தில் அளந்துகொள்ளுங்கள். கண்மதிப்பு எங்கள் தட்டையான நிலத்தில் பெரும்பாலும் பிழைக்கும்.

தொடங்குவதற்கு முன்

என்னுடையதைப் போல உள்ளே இரண்டு ஆடிகள் கொண்ட நியூற்றன் வகைத் தொலைகாட்டியாயின் ஆடிகள் இரண்டையும் முதலில் ஒழுங்காக்குங்கள். பைண்டரைச் சரிசெய்த பிறகு ஆடியைத் திருகினால் பெரிய குழலின் பார்வைக்கோடு நகர்ந்துவிடும். செய்த வேலை முழுவதும் வீண். அடுத்து, பைண்டரின் அடித்தாங்கி குழலோடு இறுக்கமாக இருக்கிறதா என்று விரலால் அசைத்துப் பாருங்கள். என்னிடம் திருத்தித் தரும்படி கொண்டுவரப்பட்ட தொலைகாட்டிகளில் பாதியில் இந்தத் தாங்கியின் திருகாணிகள் தளர்ந்தே இருந்தன. அப்படியானவற்றை எத்தனை முறை நேர்ப்படுத்தினாலும் அடுத்த நாள் பழையபடிதான்.

பைண்டர் குழலாக இருந்தால் அதன் துலக்கத்தையும் இப்போதே பாருங்கள். முதலில் கண் வைக்கும் பக்கத்து வளையத்தைத் திருகிக் குறுக்குக் கம்பி கூர்மையாகத் தெரியச் செய்யுங்கள். பிறகு முன்வில்லைக்குப் பின்னாலுள்ள பூட்டு வளையத்தைத் தளர்த்தி, முன்வில்லைக் கூட்டைத் திருகித் தூரப் பொருள் கூர்மையாகும் இடத்தில் நிறுத்தி, மீண்டும் பூட்டுங்கள். கண்ணைச் சற்று இடம் வலமாக அசைத்தால் கம்பியும் காட்சியும் ஒன்றையொன்று விட்டு நகரக் கூடாது. நகர்ந்தால் துலக்கம் இன்னும் சரிவரவில்லை, நேர்ப்படுத்தலும் உங்கள் கண் நிற்கும் இடத்தைப் பொறுத்து மாறும்.

பகல் வேலை

பகலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் எளியது: பூமியில் உள்ள குறி நகராது, வானத்தில் உள்ள குறி நகரும். ஆனால் பகலில் சூரியன் இருக்கிறது. தொலைகாட்டியிலோ பைண்டரிலோ சூரியன் ஒரு கணம் பட்டாலும் கண் நிரந்தரமாகக் கெடும். இதில் எனக்கு எந்தச் சமரசமும் இல்லை. பின்னேரம் நாலரை மணிக்குப் பிறகு, சூரியன் மேற்கே சாய்ந்திருக்கும்போது, சூரியனை முதுகுக்கு விட்டுக் கிழக்குப் பக்கக் குறியை எடுங்கள். சின்னப் பிள்ளைகளைக் குழலுக்கு அருகில் தனியே விடாதீர்கள். 2019 டிசெம்பர் 26 அன்று வளையச் சூரிய கிரகணத்தை யாழ்ப்பாணத்திலிருந்து பார்த்தபோது பெரிய குழலின் வாய்க்கு வடிகட்டி போட்டுவிட்டுப் பைண்டரைத் திறந்தபடி விட்டவர்களை நான் கண்டேன். அந்தச் சிறிய குழலும் கண்ணைச் சுடும். சூரியனைப் பார்க்கும் நாளில் பைண்டரைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுவதே சரி.

மதியத்தில் செய்வதில் இன்னொரு கெடுதியும் உண்டு. வெயிலில் காய்ந்த வயல்வெளிக்கு மேலே காற்று கொதிப்பது போல் அசையும். 25 மில்லிமீற்றர் பார்வைத்துண்டு தரும் 48 மடங்கு உருப்பெருக்கத்தில் ஒரு கிலோமீற்றர் தூரத்துப் பொருள் நீருக்கடியில் கிடப்பது போல நெளியும். வெயில் தாழ்ந்த பிறகு அது அடங்கும்.

குறியாக எதை எடுப்பது? பனையின் ஓலை வேண்டாம். சோளகக் காற்றுக் காலத்தில் அது ஒரு கணமும் ஓய்ந்திராது. கூரான, அசையாத, வானத்தைப் பின்னணியாகக் கொண்ட ஒன்று வேண்டும். கோயிற் கோபுரத்தின் கலச நுனி இதற்கென்றே செய்தது போல் இருக்கும். தொலைத்தொடர்புக் கோபுரத்தின் உச்சியும் நல்லது. குழலைத் திருப்பும் திசையிலும் கவனம் வேண்டும்: அயல் வீட்டு வளவும் கிணற்றடியும் இருக்கும் பக்கம் பகலில் தொலைகாட்டியை நீட்டுவது எந்த ஊரிலும் சண்டையில்தான் முடியும், அது நியாயமும்கூட. படைமுகாம் இருக்கும் பக்கத்தையும் பலாலி விமான நிலையப் பக்கத்தையும் தவிர்த்துவிடுங்கள். குறியைப் பார்க்கும் கோடு முழுவதும் தலைக்கு மேலே வானத்தில் போகும்படி, மேல்மாடியிலிருந்து உயரமான பொருளொன்றை நோக்குவதே மரியாதை.

இனி வேலை. சீமெந்துத் தரையில் தாங்கியை வையுங்கள்; மணல் முற்றத்தில் நீங்கள் கால் மாற்றி நின்றாலே குழல் அசையும். 25 மில்லிமீற்றர் பார்வைத்துண்டைப் பெரிய குழலில் போடுங்கள். பைண்டரை மறந்துவிட்டு, குழலின் முதுகு வழியே வெறும் கண்ணால் நோக்கிக் கலசத்தைப் பெரிய குழலுக்குள் கொண்டுவாருங்கள். கோபுரத்தின் ஏதோ ஒரு பகுதி கிடைத்தால் போதும், அங்கிருந்து ஏறிப் போகலாம். நியூற்றன் வகையில் காட்சி தலைகீழாக இருக்கும்: கலசம் கீழ்நோக்கித் தொங்கும், அதில் வந்து குந்தும் காகம் வானத்தில் தலைகீழாய் நடக்கும். பழகாதவருக்கு முதலில் திகைப்பாக இருக்கும். குழலைச் சிறிது சிறிதாகத் தள்ளி, எது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டால் கை தானாகப் பழகும்.

கலச நுனியை நடுவில் வைத்துவிட்டுப் பார்வைத்துண்டை 10 மில்லிமீற்றருக்கு மாற்றி மீண்டும் நடுவில் வையுங்கள். நடு எது என்பதில் கண் ஏமாறும். நுனியை மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் ஒருமுறை கொண்டுபோய், இரண்டுக்கும் இடையே நிறுத்துவது என் வழக்கம். குழலின் பூட்டு இருந்தால் இப்போது பூட்டுங்கள். இதன் பிறகு பெரிய குழலைத் தொடவே கூடாது. பைண்டரை மட்டுமே தொட வேண்டும்.

பைண்டரின் தாங்கி இரண்டு வகை. இரண்டு திருகாணியும் ஒரு சுருளும் உள்ளதில் வேலை இலகு. சுருள் எதிர்ப்பக்கத்திலிருந்து தள்ளிக்கொண்டே இருப்பதால் திருகாணியை இறுக்கினாலும் தளர்த்தினாலும் குழல் பின்தொடரும். மூன்று திருகாணி வகையில் ஒன்றைத் தளர்த்தாமல் மற்றொன்றை இறுக்கக் கூடாது. இறுக்கினால் குழலில் தழும்பு விழும் அல்லது திருகாணியின் புரி தேய்ந்துபோகும். எந்தத் திருகாணி காட்சியை எந்தப் பக்கம் கொண்டுபோகும் என்று தலையில் கணக்குப் போடாதீர்கள். தலைகீழ்க் காட்சியில் கணக்கு எப்போதும் தவறும். கால் சுற்றுத் திருகுங்கள், பாருங்கள், தேவையானால் மறுபக்கம் திருகுங்கள். குறுக்குக் கம்பி கலச நுனியில் வந்து நின்றதும் மூன்றையும் விரல் இறுக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். இந்தக் கடைசி இறுக்கத்தில்தான் காட்சி மெல்ல வழுவிப் போகும். ஆகவே இறுக்கிக்கொண்டே பார்க்க வேண்டும், இறுக்கிவிட்டுப் பார்க்கக் கூடாது. முடிந்ததும் பெரிய குழலில் கலசம் இன்னும் நடுவில்தான் நிற்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். நகர்ந்திருந்தால் சலிக்காமல் முதலிலிருந்து செய்யுங்கள்.

சிவப்புப் புள்ளி வகை

சிறிய தொலைகாட்டிகள் பலவற்றில் குழல் வடிவப் பைண்டருக்குப் பதிலாக, சிறு கண்ணாடியில் சிவப்புப் புள்ளியைக் காட்டும் கருவி இருக்கும். காற்றுத் துப்பாக்கிகளுக்குச் செய்யப்பட்ட குறிகாட்டியிலிருந்து வந்தது அது. உருப்பெருக்கம் இல்லை, காட்சி நேராகவே தெரியும், இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டே பார்க்கலாம். தொடங்குபவருக்கு நான் விரும்பிச் சொல்வது இதைத்தான். நேர்ப்படுத்தும் முறை அதே முறை. மேல் கீழுக்கு ஒரு திருகி, இடம் வலத்துக்கு ஒரு திருகி. கண்ணை முப்பது சென்ரிமீற்றர் அளவு பின்னால் வைத்துப் புள்ளி கண்ணாடியின் நடுவில் தெரியும்படி பாருங்கள். விலை குறைந்தவற்றில் புள்ளி கண்ணாடியின் ஓரத்துக்குப் போனால் குறியும் சற்றே பிசகும். இரவில் வெளிச்சத்தை இயன்ற அளவு குறையுங்கள். புள்ளி பிரகாசமாக இருந்தால் அது மறைக்கும் நட்சத்திரத்தையே நீங்கள் தேடிக்கொண்டிருப்பீர்கள். முடிந்ததும் நிறுத்துங்கள். நாணயம் போன்ற அந்த பற்றரி ஓர் இரவு மறந்துவிட்டாலே பலவீனமாகிவிடும்.

இரவில் சரிபார்த்தல்

பகலில் செய்ததை இரவில் சரிபார்க்காமல் நம்பக் கூடாது. வெளிநாட்டு வழிகாட்டிகள் இதற்குத் துருவ நட்சத்திரத்தைச் சொல்லும். அது வானத்தில் ஏறத்தாழ அசையாமல் நிற்பதால். அங்கே அது நல்ல உயரத்தில் இருக்கும். யாழ்ப்பாணத்திலோ அது அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 10 பாகை உயரத்தில், நீட்டிய கையின் ஒரு முட்டி அளவுக்கு மேலே, பனைகளுக்குள்ளும் மங்கலுக்குள்ளும் கிடக்கும். பருத்தித்துறையிலோ காங்கேசன்துறையிலோ கடலைப் பார்த்து நிற்பவருக்கு அது கிடைக்கலாம். நல்லூரில் வீட்டு முற்றத்தில் நிற்பவருக்குக் கிடைப்பது அரிது.

எங்களுக்கு அதைவிட நல்லதொன்று இருக்கிறது. தொலைத்தொடர்புக் கோபுரங்களின் உச்சியில் இரவு முழுவதும் எரியும் சிவப்பு விளக்கு. அது சிறியது, பிரகாசமானது, நகராது. ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொண்டால், தொலைகாட்டியை வெளியே எடுக்கும் ஒவ்வோர் இரவும் இரண்டு நிமிடத்தில் பைண்டரைச் சரிபார்த்துவிடலாம். நான் இப்போது வானத்தைப் பார்ப்பதற்கு முன் அந்த விளக்கைத்தான் பார்க்கிறேன்.

அதன் பிறகு நட்சத்திரம் ஒன்றில் சோதியுங்கள். வான நடுக்கோட்டுக்கு (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் செல்லும் கோட்டுக்கு) அருகில் உள்ள நட்சத்திரம் நிமிடத்துக்கு 15 கலை வேகத்தில் ஓடும். என் 120 மடங்குப் பார்வையில் அது நடுவிலிருந்து விளிம்பைக் கடக்க ஒரு நிமிடம்கூட எடுக்காது. அதைப் பெரிய குழலில் நடுவில் வைத்துவிட்டு நிதானமாகப் பைண்டரைத் திருகிக்கொண்டிருந்தால், முடிக்கும்போது நட்சத்திரம் போய்விட்டிருக்கும். நீங்கள் வெறும் வானத்துக்குப் பைண்டரை நேர்ப்படுத்தியிருப்பீர்கள். இதற்கு வழி, நட்சத்திரத்தை அது வரும் பக்கத்தில் சற்றுத் தள்ளி வைத்து, அது நடுவுக்கு வரும் கணத்தில் பைண்டரைப் பார்ப்பது. தை முதல் பங்குனி வரையான முன்னிரவுகளில் தெற்கே தெரியும் அகத்திய நட்சத்திரம் இன்னும் வசதியானது. அது தென்துருவத்துக்குக் கிட்ட இருப்பதால் அதன் ஓட்டம் நிமிடத்துக்கு 9 கலை அளவில்தான் இருக்கும். சந்திரனைக் குறியாக எடுப்போரும் உண்டு. அரைப் பாகை அகலமான வட்டத்தில் நடுவை மதிப்பிடுவது கடினம். அதனால் நான் அதைத் தவிர்ப்பேன்.

இருண்ட வானத்தில் பைண்டரின் குறுக்குக் கம்பி தெரியாமல் போகும். அப்போது முன்வில்லைப் பக்கத்துத் துலக்கத்தைச் சற்றுக் கலைத்து நட்சத்திரத்தை ஒரு சிறு வட்டமாக ஊதவையுங்கள். அந்த வெளிச்ச வட்டத்தைக் கறுப்புக் கம்பிகள் நான்கு துண்டாக வெட்டுவது தெரியும். நான்கும் சம அளவாயின் நட்சத்திரம் நடுவில் நிற்கிறது. வேலைக்கு வெளிச்சம் தேவையானால் ரோச் லைற்றின் வாயில் சிவப்புச் செலோபேன் தாளை இரட்டையாகக் கட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு நட்சத்திரத்தோடு நிறுத்தாமல் தாழ்வாக ஒன்று, தலைக்கு மேலே ஒன்று என இரண்டில் பாருங்கள். தாழ்வில் சரியாக இருந்து உச்சியில் கால் பாகை பிசகினால் பைண்டரில் குற்றம் சொல்லாதீர்கள். பெரிய ஆடி அதன் கூட்டுக்குள் தளர்ந்து, குழல் நிமிரும்போது அசைகிறது என்பதே பொருள்.

மாரியிலும் அதையொட்டிய மாதங்களிலும் பனி பைண்டரைத்தான் முதலில் மூடும். அது பெரிய ஆடி போல் குழலின் அடியில் மறைந்திருப்பதில்லை. கறுப்பு மட்டையைச் சுருட்டி முன்வில்லைக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்கு மாட்டிவிட்டால் பெரும்பாலும் தப்பும். சால்வை நுனியால் துடைக்க வேண்டாம். தூசி வில்லையைக் கீறும். தொலைகாட்டியை ஓட்டோவில் ஏற்றி வேறோர் ஊருக்குக் கொண்டுபோனால் பைண்டரைக் கழற்றித் துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள், போன இடத்தில் மீண்டும் சரிபாருங்கள்.

கடைசிச் சோதனையாக நான் வைப்பது ஒமேகா சென்ரோறி என்ற நட்சத்திரக் கொத்து. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இருப்போருக்கு இது எட்டாது. எங்களுக்கு மே மாத நடுவில் இரவு 10 மணியளவில் நேர் தெற்கே 33 பாகை உயரத்துக்கு வரும். அந்நேரம் உச்சிக்குத் தெற்கே வெண்மையாய் நிற்கும் சித்திரை நட்சத்திரத்திலிருந்து நேர் கீழே மூன்றரை முட்டி இறங்கினால், கலங்கிய மங்கலான நட்சத்திரம் போல் ஒரு புள்ளி பைண்டரில் தெரியும். அதைக் கம்பியில் வைத்து, பெரிய குழலைத் தொடாமல், 25 மில்லிமீற்றர் பார்வைத்துண்டில் கண்ணை வையுங்கள். நேர்ப்படுத்தல் சரியாயின், சந்திரனை விடச் சற்றுப் பெரிதாக, சீனியைக் கறுப்புத் துணியில் கொட்டியது போல அது நடுவிலேயே நிற்கும்.